ஆத்தா படத்துக்குப் போட்ட லைட்

நூற்றுப் பன்னிரண்டு. இந்த எண்ணை மறக்கக் கூடாது. அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர், மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஓடியதாக அதிலிருந்த வேகப் பெட்டி சுரங்க ஆபீஸுக்குச் சொன்னது. ஓட்டியவர் வாலிகண்டபுரம் அரியமுத்து. பாரம் ஏற்றினால் அறுபதைத் தொடவே மூச்சு வாங்கும் வண்டி அது.

மூன்று தடவை இப்படிப் பதிவானதும் சுரங்க கேட்டில் அவர் உள்ளே போகும் பாஸை நிறுத்தி வைத்தார்கள். பாஸ் இல்லாத டிரைவரை எந்த டிப்பர் முதலாளியும் சீட்டில் ஏற்ற மாட்டார். அரியமுத்துவுக்கு வேறு தொழில் தெரியாது.

முதலாளி வேணுகோபால் கெட்டவர் இல்லை. பெரம்பலூரில் லாரி எலக்ட்ரீஷியன் ஜெயப்பிரகாஷிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார்.

"ஒங்க வண்டி பறக்குதாம்ல. ரெக்கையத்தான் காணோம்ணே," என்றபடி ஜெயப்பிரகாஷ் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான்.

ஆயுதபூஜைக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் படத்தைச் சுற்றி சீரியல் லைட் போட்டிருந்தார் அரியமுத்து. லாரி பேட்டரி இருபத்துநாலு வோல்ட், லைட்டுக்கு வேண்டியது பன்னிரண்டு. நடுவில் வோல்ட்டைக் குறைக்க ஒரு மலிவான சின்னப் பெட்டி. அதன் ஒயர் ஆடி உரசக் கூடாதென்று, கியர்பாக்ஸிலிருந்து வேகத்தைச் சொல்ல வரும் ஒயரோடு சேர்த்து அவரே அழகாக டேப் சுற்றியிருந்தார்.

"இதாண்ணே. இந்தப் பெட்டி கரண்ட்ட படபடன்னு விட்டு விட்டு அடிக்கும். அந்த எரச்சலு பக்கத்து ஒயர்ல ஏறிடுது. சக்கரந்தான் சுத்துதுன்னு மெஷினு எண்ணிக்குது."

"ஆத்தாவுக்குப் போட்ட லைட்டுப்பா."

"ஆத்தாவுக்குத் தெரியும். மெஷினுக்கு யாருண்ணே சொல்றது?"

இரண்டு ஒயரையும் பிரித்தான். மேலே கம்பி வலை பின்னிய புது ஒயரை வேகப் பெட்டிக்கு இழுத்து, வலையை வண்டி பாடியில் எர்த் செய்தான். லைட் ஒயரில் இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையம் ஒன்றை மாட்டினான். துறையூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். லைட் எரிந்தது, வேகம் குதிக்கவில்லை.

அரியமுத்துவுக்கு உயிர் வந்தது. மறுநாளே சுரங்க ஆபீஸுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அதுதான் வினையானது.

"அப்ப வேகப் பெட்டி ஒயர்ல நீங்களே கைய வச்சிருக்கீங்க?" என்றார் போக்குவரத்து பார்க்கும் அதிகாரி.

"கை வக்கலங்க சார். டேப்புதான் சுத்துனேன்."

"ஸ்பீடு மட்டும்னா மூணு மாசம் பாஸை நிறுத்துறதோட போயிருக்கும். ஒயர்ல கை வச்சா பாஸே கெடையாது."

"வண்டி அந்த வேகமே போவலயே சார்."

"போவலன்னு எனக்கும் தெரியுதுங்க. அதுக்கு நான் என்ன பண்றது? நீங்களே வந்து ஒத்துக்கிட்டீங்க."

கேட்டுக்கு முன்னால் பத்து டிரைவர் உட்கார்ந்தால் ரூல் வளையும். அரியமுத்து டீக்கடையில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவரும் வரவில்லை. எல்லார் வண்டியிலும் சாமி படம், எல்லாப் படத்துக்கும் லைட். அன்று சாயங்காலம் அவரவர் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அரியமுத்து வேணுகோபாலின் ஷெட்டில் டயர் கழுவுகிறார். அவருடைய டிப்பரை வேறொருவர் ஓட்டுகிறார். வண்டி எங்கே, என்ன வேகத்தில் போகிறதென்று முதலாளி போனில் தெரியும். ஒருநாள் வேணுகோபால் போனை அவர் பக்கம் நீட்டினார்.

"இப்ப சரியாக் காட்டுதா பாரு."

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"சரியாத்தாங்க காட்டுது."

முப்பத்தெட்டு.