விராலுக்கு நாஷ்டா

எந்த மீனானாலும் அத்தை முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பாள். அவள் அப்பாவின் தங்கை. கணவன் இறந்தபின் ஊத்துக்கோட்டை அருகே எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று குட்டையாகியிருந்தது. அதை விரால் வளர்க்கக் கேட்டு வாங்கினாள். கோடைக்குள் விரால் தேறாவிட்டால் பள்ளத்தைத் தூர்த்து நெல் நட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் குட்டை ஒன்றுதான்.

விரால் உயிருள்ள மீனைத்தான் விரும்பித் தின்னும். அந்த இரை மீனை அத்தை நாஷ்டா என்பாள். எதை விடலாம் என்று பார்க்க, ஓர் அண்டாவில் விராலைப் போட்டு, ஏரியில் பிடித்த பொடி மீன்களை வகைக்கு ஒன்றாக அதனுடன் விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, வெராலுக்குப் பொண்ணு பாக்குறியா?" என்றார் அப்பா.

"பொண்ணுன்னா ஒருக்கா பாத்தா போதும்ணா. இதுக்குத் தெனமும் பந்தி வெக்கணுமே."

கெளுத்தியை விரால் கவ்விக் கவ்வித் துப்பியது, முள். அயிரை சேற்றில் புதைந்துகொள்ளும் என்று அவளே தள்ளினாள். கெண்டைப்பொடி மேலாக நீந்தியது, மறுகணம் காணோம். அது விரல் நீளத்துக்கு மேல் வளராது, பாசியில் தானே பெருகும். அதையே தேர்ந்தெடுத்துக் குட்டையில் விட்டாள். அவள் அன்று உட்கார்ந்திருந்த பொறுமையை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

வாளியில் ஒரு ஜிலேபிக் கெண்டை மிஞ்சியது. கையை நீட்டினால் அதன் குஞ்சுகள் ஓடித் தாயின் வாய்க்குள் ஒளிந்துகொண்டன. நான் வாளியை விட்டு நகரவில்லை.

"இத்த மட்டும் குட்டையில வுடக்கூடாதுடா நைனா. குஞ்சு அத்தினியும் பொழச்சிக்கும், குட்டையே ரொம்பிப்பூடும். வாயில குஞ்சு கீறவரைக்கும் ஆத்தாக்காரி ஒன்னும் துன்னமாட்டா, பாரு. எடுத்துப்போய் ஏரியில வுட்டுட்டு வா," என்றாள் அத்தை.

ஏரியில் விட்டால் அதை மறுபடி பார்க்க முடியாது. குட்டையில் விட்டேன்.

கோடையில் வலை இழுத்தபோது எல்லாம் ஜிலேபி. விராலின் வாய்க்கு அடங்காத அகலத்தில் வளர்ந்திருந்தன. கெண்டைப்பொடி ஒன்றுகூட இல்லை. விரால் ஏழெட்டு, அதுவும் குச்சி குச்சியாக.

"நாஷ்டா வெராலையே துன்னுட்ச்சேம்மா," என்றார் அப்பா. சிரிக்கவில்லை. "இத்த யாரு உள்ள வுட்டது?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

"நான்தாண்ணா. கெண்டைப்பொடின்னு நெனச்சி வுட்டுட்டேன்."

மீனின் வாயைப் பார்த்தே வகை சொல்கிறவள் சொன்ன இந்தக் காரணத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பட்டத்தில் அங்கே நெல் நட்டார்கள். இப்போது தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் அந்த இடத்தில்தான் திரும்புகிறது. அத்தை சாகும்வரை நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வலை இழுத்த அன்று மதியம் அந்த ஜிலேபியைத்தான் குழம்பு வைத்தார்கள். அத்தை தட்டைத் தொடவில்லை. பசியில்லை என்றாள். நான் அதை நம்பி, அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.