மூச்சை எண்ணாமல் ஜெல் ஓட்டியவன்

மகளுக்கு மூச்சு வாங்கிய காலையில் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லாமல், அவளுடைய ரத்தத்தை மட்டும் தூக்கிச் சென்றவன் நான். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

1. கீழே ஒரே கோடு

இரண்டாயிரங்களின் நடுவில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஐசியூவில் ஒரே மாதிரி நிமோனியாவோடு இரண்டு பேர் படுத்திருப்பார்கள். ஒருவர் ஒரு வாரத்தில் வீடு திரும்புவார். இன்னொருவருக்கு நுரையீரல் முழுக்க நீர் கோத்து, வென்டிலேட்டர் வைக்க வேண்டிவரும். இதற்குப் பரம்பரையும் காரணமா என்று எங்கள் பெரிய டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு மரபணுவில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது என் வேலை. பிசிஆரில் அந்த இடத்தைப் பெருக்கி, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்டினால், துண்டு இருந்தால் கோடு மேலேயே நிற்கும். இல்லாவிட்டால் கீழே இறங்கிவிடும். கீழ்க்கோட்டுக்காரர்களுக்கு ஆபத்து கூடுதலோ என்று சந்தேகம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு முதலில் கை நீட்டுவது ஊழியர்கள்தான். நானும் நீட்டினேன். எனக்குக் கீழே ஒரே கோடு. அதாவது துண்டில்லாத மரபணுவே அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. என்னிடமிருந்து மகளுக்கும் ஒன்று கட்டாயம் போயிருக்கும்.

அன்றிலிருந்து லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ரேவதி தும்மினால் எனக்கு வியர்த்தது. ஸ்கூட்டியில் போகும்போது மப்ளர் கட்டச் சொன்னேன்.

“பாண்டிச்சேரியில மப்ளராப்பா? டிராபிக் போலீசே சிரிப்பாரு.”

2. இரண்டு மாடி

ரேவதிக்கு நான்கு நாள் காய்ச்சல், இருமல். ஐந்தாம் நாள் காலை ஒரு வாக்கியத்தை நான்காக உடைத்துப் பேசினாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நானோ ரத்தம் எடுக்கும் ஊசியை எடுத்தேன்.

“டாக்டராண்ட போலாங்க,” என்றாள் மனைவி சாந்தி.

“கோடு பாத்துட்டு வந்துட்றேன். அது தெரிஞ்சாதான் டாக்டருக்கே புரியும். நடுவுல போன் பண்ணாத.”

ஐந்து மணி நேர வேலை. அவ்வளவு சுத்தமான ஜெல்லை நான் அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று. பாதி ஆபத்துதான் என்று கும்பிட்டுவிட்டு போனை எடுத்தால் பதினொரு மிஸ்டு கால். சாந்தி அவளை ஆட்டோவில் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். நான் கும்பிட்ட இடத்துக்கு இரண்டு மாடி கீழே.

ஜெல் போட்டோவோடு ஐசியூவுக்கு ஓடினேன். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் ரேவதியின் உதடு நீலமாக இருந்தது. டூட்டி டாக்டரம்மா போட்டோவை ஒரு முறை பார்த்தார்.

“மூச்சு வாங்குறது எப்ப சார் ஆரம்பிச்சுது?”

“காலையில, மேடம்.”

“நிமிஷத்துக்கு எத்தனை?”

“எண்ணலை.”

“கோட்ட மட்டும் எண்ணுனீங்களா? காலையிலயே ஆன்டிபயாடிக் போட்டிருக்கலாம். வென்டிலேட்டர ரெடியா வெச்சிருக்கோம். அந்தப் போட்டோவ பாக்கெட்ல வெச்சிட்டு வெளிய உக்காருங்க.”

வெளியே பெஞ்சில் சாந்தி இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோடு வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

3. பெரிய டாக்டரின் கோடு

வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் ஆக்ஸிஜனைக் குறைத்தார்கள். பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எனக்கும் கீழ ஒரே கோடுதான்யா. நம்ம வாட்ச்மேனுக்கும் அப்படித்தான். ஆயிரம் பேர் கூட்டத்துல ஆபத்து கொஞ்சம் ஏறுதான்னு பாக்குறோம். உன் பொண்ணுக்கு ஜாதகமா எழுதச் சொன்னேன்?”

ஆபத்து எங்கே எழுதியிருந்தாலும், அது வரும்போது மூச்சில்தான் தெரியும். அதை எண்ண ஒரு கடிகாரமும் ஒரு நிமிடமும் போதும். படித்தவன் என்பதால் எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

ரேவதி இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். போனில் பேசும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அவளுக்கும் அது தெரியும்.

“எவ்ளோப்பா வந்துச்சு?”

“பதினாறு.”

“நார்மல்தானே? சரி, நான் இவ்வளவு நேரம் இன்னா சொன்னேன், சொல்லு பாப்போம்.”

அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.