எனக்குத் தெரிஞ்ச ஒராள்

மன்னார் டவுனில் ஒரு ஐஸ் கம்பனியின் கந்தோரில் கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு, குடும்பக் காசை எப்படிக் கையாளுவது என்பதைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுதுவேன். சாமான் விலை ஒரேயடியாக ஏறி, எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற காலத்தில் தொடங்கியது அது. நகையை அடகு வைக்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும், லீசிங்கில் வண்டி எடுக்குமுன் எதை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதினேன். தெரியாததை ஆரிடமாவது கேட்டு எழுதினேன்.

வாசிக்க ஆட்கள் வந்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதுவே காட்டும். ஆனால் ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் 'உங்கள் கருத்துகளைப் பதிவிடுங்கள்' என்று ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வந்த ஒரே பின்னூட்டம் தலைமுடி வளர்க்கும் எண்ணெய் ஒன்றின் விளம்பரம்.

இதில் எனக்குக் கவலையைவிட வியப்புத்தான் கூட இருந்தது. ஏனென்றால் நேரில் கண்டால் கதைக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "லீசிங்கைப் பற்றி எழுதினதை என்ர தங்கச்சிக்கும் அனுப்பினனான்," என்றார்.

"அதை அங்க கீழயும் எழுதியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் நான் ஏதோ பகிடி விட்டதுபோலச் சிரித்துவிட்டு, தன் ஸ்கூட்டியைத் தேடிப் போய்விட்டார்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட என் பள்ளிக்கூடத் தோழி ஒரு கடை வைத்திருக்கிறாள். கலியாணக் கார்ட், திருவிழாப் பதாகை, மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். கேட்டால் இணையத்தளமும் செய்து கொடுப்பாள். ஒரு நாள் வேலை முடிந்து அவளிடம் போய் என் வலைப்பூவைக் காட்டினேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்குது. ஆனா வங்கிக்குள்ள வந்த மாதிரி இருக்கு. வாயை மூடிக்கொண்டு வரிசையில நிக்கோணும் போல."

"அப்ப என்ன செய்யிறது?"

"இஞ்ச பார். எழுத முதல் பேர் கேக்கிறாய், ஈமெயில் கேக்கிறாய். மன்னாரில பேரைப் போட்டுத் தன்ர காசைப் பற்றி ஆரடி எழுதுவினம்? நீ எழுதுவியா?"

நான் எழுதமாட்டேன். அதை யோசிக்காமலேயே இவ்வளவு காலம் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

பேர் கேட்பதை எடுத்தோம். வங்கியை நினைவுபடுத்திய நீல நிறத்தை மாற்றினோம். கீழே கிடந்த பெட்டியை மேலே கொண்டுவந்து, 'இந்தக் கிழமைக் கேள்வி' என்று தலைப்புப் போட்டோம். அதன் பிறகும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் 'நன்றி' என்று எழுதினார். இன்னொருவர் வணங்கும் கைகள் படம் ஒன்றைப் போட்டார்.

"கேள்வி கேட்டா சனம் பரீட்சை எண்டு நினைக்குது," என்றாள் தோழி. "நீ ஒண்டு செய். வெளியில ஆக்கள் காசைப் பற்றிக் கதைக்கேக்க முதல் வாயைத் திறந்து என்ன சொல்லுகினம் எண்டு கேட்டுக்கொண்டு வா."

அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் காது அதிலேயே இருந்தது. பார்மசியில், மீன் வாங்கும் இடத்தில், எங்கள் கம்பனி வாசலில் லொறிகளுக்கு ஐஸ் ஏறும்வரை நிற்கும் ஆட்களிடம். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் பின்னேரம், எருக்கலம்பிட்டி பஸ்ஸில், எங்களிடம் ஐஸ் எடுக்க வரும் மீன் வியாபாரி ஒருவர் பக்கத்து சீட்டில் வந்து இருந்தார். சிறிது தூரம் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸ், ஒரு விசயம் கேக்கலாமா? எங்கட ஊரில எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார். அவர் வட்டி எடுக்கமாட்டார். எங்கட மார்க்கத்தில அது கூடாது. நீங்க நிலையான வைப்பு, அந்த வட்டி, இந்த வட்டி எண்டுதானே எழுதுறீங்க. அவர் மாதிரி ஆக்கள் என்ன செய்யிறது?"

"அவரையே என்னட்டக் கேக்கச் சொல்லுங்கோவன்."

"அவர் வெக்கப்படுவார், மிஸ்," என்றார் அவர், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்கு அது தெரியாது, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் என் தலைக்குள் வேறொன்று ஓடத் தொடங்கிவிட்டது. பார்மசியில் கேட்டதும் அதேதான். 'பக்கத்து வீட்டில ஒரு பிள்ளை.' மீன் வாங்குமிடத்திலும் அதேதான். 'எங்கட சொந்தத்தில ஒராள்.' தன் காசைப் பற்றிக் கதைத்த எவருமே 'நான்' என்று தொடங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே தோழிக்குப் போன் எடுத்தேன். "பெட்டிக்குள்ள முதல் வரியை நாங்களே எழுதி விடுவமோ?"

"என்னெண்டு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒராள் எண்டு."

அவள் அந்த மூன்று சொற்களையும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மிச்சத்தை அவையே முடிப்பினம்," என்றாள்.

அப்படியே செய்தோம். பெட்டியைத் திறந்தால் அந்த மூன்று சொற்களும் ஏற்கெனவே அங்கே இருக்கும். அவற்றை அழிக்க முடியாது. அதற்குப் பின்னால் என்னவும் எழுதலாம். எழுதியது முதலில் என்னிடம் வரும். பேர், ஊர், ஆளை அடையாளம் காட்டும் எதுவும் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் வெளியே விடுவேன்.

அந்தக் கிழமையே வரத் தொடங்கியது. வயல் செய்யும் ஒராளுக்கு நெல்லுக் காசு ஒரேயடியாக வந்து ஒரேயடியாகப் போய்விடுகிறது, அதை எப்படி மாதத்துக்கு மாதம் பிரிப்பது என்று ஒருவர் கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வயல் செய்யும் இன்னொருவர் தான் பிரிக்கும் விதத்தை எழுதி முடித்துவிட்டார். வட்டியில்லாமல் சேமிப்பதைப் பற்றி நான் பதில் தேடி அலையத் தேவை வரவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து வியாபாரத்தில் பங்கு போட்டு, இலாபமும் நட்டமும் பிரித்துக்கொள்ளும் முறையை ஒருவர் நீளமாக விளக்கியிருந்தார். எனக்கு அது புதுப் பாடம். கந்தோரில் மதியம் சாப்பிடும்போதும் ஒரு கையில் போனை வைத்து வாசித்தேன்.

பிறகு இந்தக் கதை வந்தது.

'எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறா. புருசன் கட்டார் நாட்டில. மேல்மாடி கட்டச் சொல்லிக் காசு அனுப்புறார். அவ கட்டாமல் வங்கியில போட்டுக்கொண்டு வாறா. கேட்டால் மேசன் கிடைக்கேல்லை எண்டு சொல்லுறா. அவ செய்யிறது சரியோ பிழையோ?'

அதில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. எடுக்க ஒன்றுமில்லை என்று அப்படியே விட்டேன்.

அடுத்த நாளே பார்மசியில் வேலை செய்யும் பெண் மருந்தைச் சுற்றிக்கொண்டே, "அது என்ர மச்சாளைப் பற்றித்தானே?" என்று மெல்லமாகக் கேட்டாள். பிறகு அரிப்பு என்ற ஊரில் இருந்து ஒரு பெண், ஆரிடமோ என் நம்பரை வாங்கிப் போன் எடுத்தார். தன் கதையை எழுதியது ஆர் என்று தெரியாதாம், ஆனால் எழுதியவருக்கு நன்றி சொல்லட்டாம். இரண்டு பேருக்கும் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஆள் நேரில் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள். வெளியே ஐஸ் உடைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் சத்தமாகத்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"நீங்கள்தானே மிஸ் அந்த எழுதுறவ? எங்கட வீட்டுக் கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"எந்தக் கதை, தங்கச்சி?"

"மேசன் கிடைக்கேல்லை எண்டு நான் சொன்னதுகூட அப்பிடியே கிடக்குது. என்ர அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவதானே?"

"ஆர் எழுதினது எண்டு எனக்கே தெரியாது. நாங்கள் பேர் கேக்கிறதில்லை." அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஆனா ஒண்டு சொல்லுறன். இது தங்கட கதை எண்டு சொல்லி வந்ததில நீங்கள் மூண்டாவது ஆள்."

"மூண்டாவதோ?"

"ஓம்."

"அவையும் மேசன் கிடைக்கேல்லை எண்டோ சொன்னவை?"

"ஒராள் மரம் வந்து சேரேல்லை எண்டு சொன்னவவாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கோபத்தை விடவும் மனமில்லாமல், சிரிப்பை நிறுத்தவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தாள். கந்தோர்ப் பெடியனை அனுப்பாமல் நானே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன்.

"விருப்பமில்லாட்டி அந்தக் கதையை எடுத்துவிடுறன்," என்றேன்.

அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தாள். "ஆக்கள் கீழ என்ன சொல்லியிருக்கினம்? கோபத்தில நான் வாசிக்கேல்லை."

போனை எடுத்து வாசித்துக் காட்டினேன். கட்டாரில் வேலை எப்போது நிற்கும் என்று தெரியாது, காசு வங்கியில் இருப்பதுதான் சரி என்று சிலர். அனுப்புகிறவனிடம் பொய் சொல்வது எப்படிச் சரியாகும் என்று சிலர். ஒருவர் மட்டும், அவவுக்கு என்ன பயம் என்று முதலில் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அங்க வேலை நிண்டா மாடியை வைச்சு என்ன செய்யிறது? பிள்ளையளுக்குச் சோத்துக்குப் போடேலுமோ?" என்றவள், சட்டென்று நிறுத்தி, "அந்த ஒராள் அப்பிடி யோசிச்சிருப்பா," என்றாள்.

"இருக்கும்," என்றேன் நானும்.

போகும்போது, "எடுக்க வேண்டாம், கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். எழுத விரும்பாதவர்களுக்கும் ஏதாவது வேண்டும் என்றாள். அதனால் ஒவ்வொரு கதையின் கீழும் ஒரு பொத்தான் வைத்தோம். 'இது என்ர கதையும்தான்.' ஒன்றும் எழுதத் தேவையில்லை, அமத்தினால் சரி. அவள் அதில் ஒரு இதயப் படம் போட நின்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடன்பட்டவனுக்கு ஆரும் இதயம் அனுப்புவார்களா என்று சண்டை பிடித்தேன். கடைசியில் படம் ஒன்றுமில்லாமல் சொற்கள் மட்டும் நின்றன. மேல்மாடிக் கதையின் கீழ்தான் அது மிக வேகமாக ஏறியது. ஒவ்வொரு நாளும் காலையில் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். இத்தனை வீடுகளில் இத்தனை மேசன்மார் கிடைக்காமல் இருக்கிறார்களா என்று எனக்குள் ஒரே யோசனை.

சில கிழமைகள் போனபின் அந்தக் கதைக்கு இன்னொரு பதில் வந்தது.

'எனக்குத் தெரிஞ்ச ஒராள் கட்டாரில இருக்கிறார். ஒரு அறையில ஏழெட்டுப் பேர். அவருக்கு மாடி பெரிசில்லை. மாதாமாதம் காசு போகுது, போய் என்ன ஆனது எண்டு கண்ணால பாக்க ஒண்டும் இல்லை. சுவர் எழும்பினா படம் எடுத்து அனுப்புவினம். பக்கத்துக் கட்டில்காரனுக்குக் காட்டலாம். வங்கிப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் காணும். ஆனா அனுப்போணும்.'

அதைப் பலமுறை வாசித்தேன். சேமிப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். காசை அனுப்புகிற ஆளுக்கு அது எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆசை இருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கிழமை நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பதிலை மேலே பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, நன்றி என்று மட்டும் கீழே போட்டேன்.

ஹெல்மெட்டோடு வந்தவள் மறுபடியும் கந்தோருக்கு வந்தாள். இந்த முறை தானே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அதை எழுதினது உங்கட அவரோ?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"கேட்டனான். புளொக் பாக்கிறனீங்களோ எண்டு. அதென்ன சாமான் எண்டு கேட்டார்." அவளுக்கும் அது தீராத சந்தேகமாகத்தான் இருந்தது. "ஆர் எழுதினாலும் எழுதட்டும் எண்டு வங்கிப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டன், மிஸ். மேசன் கதை பொய் எண்டும் சொன்னன்."

"பிறகு?"

"சில நாள் போன் எடுக்கேல்லை. நான் சாப்பிடவும் இல்லை, நித்திரையும் இல்லை. பிறகு எடுத்தார். முதல் கேட்டது, ஏன் பொய் சொன்னாய் எண்டுதான். பயம் எண்டு சொன்னன். தனக்கும் அங்க பயம்தான் எண்டார். காசு அப்பிடியே கிடக்கட்டும், மாடி இப்ப வேண்டாம், படியை மட்டும் கட்டு எண்டார்."

படியை மட்டும் எப்படிக் கட்டுவது என்று நான் கேட்டேன். வந்து பாருங்கோ என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டின் பக்கச் சுவரோடு புதிதாகச் சீமெந்துப் படி ஏறிப் போய், வெறும் கொங்கிறீட் கூரையில் முடிந்தது. மேலே ஒன்றுமில்லை. கொடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன. காற்று நல்ல வேகம். நாங்கள் ஏறி நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது கட்டாரில் இருந்து வீடியோ கோல் வந்தது.

"ஆர் நிக்கினம்?" என்று கேட்டது அவருடைய குரல்.

"ஐஸ் கம்பனி மிஸ். சொன்னனானே."

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். மெலிந்த முகம், பின்னால் இரண்டு தட்டுக் கட்டில். கட்டிலைக் கண்டதும் அந்தப் பழைய கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தோழி பின்னால் நின்று என் கையில் கிள்ளினாள். நான் வணக்கம் மட்டும் சொன்னேன்.

"வணக்கம், மிஸ். படி எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குது, தம்பி."

"படத்தில பாக்க ஒவ்வொரு படியும் உயரமாத் தெரியுது. இறங்கேக்க கவனமா இறங்குங்கோ."

"கட்டின நாளில இருந்து இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறார்," என்றாள் அவள், போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.