எண்ணெய் வழிந்த தலை

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். உயிர் என்பது இந்த நாலும்தான் என்று பரீட்சையில் எழுதிப் பட்டம் வாங்கினேன். இவை அழுகினால் எப்படி நாறும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதைக் கும்மிடிப்பூண்டியில் கிடைத்த வேலை சொல்லிக்கொடுத்தது. விலை போகாத மீனை வேகவைத்துப் பிழிந்து, கோழித் தீவனத்துக்கு மாவாக அரைக்கும் கம்பெனி. அந்த மாவில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சோதிப்பது என் வேலை.

அழுகிய புரதம் குடலைப் புரட்டும். காறிப்போன மீன் கொழுப்பு அதைவிட மோசம், தொண்டையில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை இறங்காது. வீடு திரும்பும் வழியில் புதுவாயலில் பஸ் மாறி ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தினமும் வரும்.

அங்கே பெண்கள் எல்லாரும் வாடைக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். தலை வழியத் தேங்காய் எண்ணெய், அதன்மேல் மல்லிகைச் சரம். நானும் அப்படித்தான் போனேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது மகளுக்கு எட்டு மாதம். வேலை விட்டு வந்து, சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் மடியில் போடுவேன். அவள் ஒருமுறை மோந்து பார்த்து, முகம் சுளித்து, வீறிடுவாள். புட்டிப்பாலும் இறங்கவில்லை. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் சீப்பை எடுத்தேன். அதே மீன் வாடை குப்பென்று அடித்தது. கொழுப்பின் நாற்றம் கொழுப்பில்தான் போய்க் கரையும், தேங்காய் எண்ணெயும் கொழுப்புதான். நாற்றத்தைத் துரத்துவதாக நினைத்து, அதற்குத் தலையிலேயே இடம் கொடுத்திருக்கிறோம்! எனக்கே என்மேல் குமட்டியது.

இனி தலைக்கு எண்ணெய் வைக்கப்போவதில்லை என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"பால் குடுக்கறவ காஞ்ச தலையோட போனா சூடு புடிச்சிக்கும்மா. பாலு வத்திப்பூடும்."

"அப்போ தெனமும் தலைக்கு ஊத்திக்கினு வரேன் அத்தை."

"நல்லாருக்கே! கொழந்தைக்கு சளி கட்டிக்கினா இன்னா பண்ணுவ?"

விஞ்ஞானம் எடுபடாத இடத்தில் முருகன் எடுபடுவார். மறுநாள் புதிதாக ஆரம்பித்தேன். "கொழந்த பால் குடிக்கணும்னு திருத்தணிக்கு முடி வேண்டிக்கினேன் அத்தை."

உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மொட்டை. கத்தி இறங்க இறங்க, மடியில் விழுந்த கூந்தலைத் தொடக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு மகளைத் தூக்கினேன். மொட்டைத் தலையைப் பார்த்து, யாரோ என்று அலறினாள். எழுந்து விளக்கை அணைத்தேன். இருட்டில் அழுகை நின்றது. மூக்கால் துழாவினாள், தேடினாள், பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள்.

எனக்கு அழுகை வந்தது. போன முடிக்காக இல்லை. இவள் குடித்து முடித்துத் தூங்கி எழுந்தால், நான் மறுபடி அங்கேதான் போகவேண்டும்.