கண்ணாடியருக்கு முதுகு காட்டாதே

காட்சியறைக் காவல் என்பது, ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம். பெற்றோல் ஷெட்டிலோ கார்ப்பார்க்கிலோ கதிரை போட்டு உட்கார்ந்து, கால் விறைத்துக் கண் சொக்கிய லண்டன் தமிழ்ச் சகோதரங்களுக்கு நான் சொல்வது விளங்கும். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தனிக்கட்டையாகக் குடியிருக்கிற நான் உட்கார்ந்தது ஒரு மியூசியத்தில். பெயர் சொல்லமாட்டேன், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

என் அறை மாடியில், ஒரு மூலையில். ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு மேடை, அதைச் சுற்றி ஒரு கயிறு. மேடையில் கருஞ்சிவப்புக் கல்லில், இடுப்பளவு உயரத்தில் ஓர் ஆள் கைகூப்பி நிற்பார். முகத்தில் பாதி கண். வாய் நகத்தால் கீறியதுபோல இருக்கும். கைக்கு நாலு விரல்தான். ‘தெய்வத்தின் முன் வைக்கப்பட்ட, கும்பிடும் மனிதர்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை யார் வாசிக்கிறார்கள்? போனில் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். பிரமிட் கட்டியது, பயிர் செய்யப் பழக்கியது, எழுத்தறிவித்தது எல்லாமே வேற்றுக்கிரகத்து ஆட்களாம். இவரும் அவர்களில் ஒருத்தராம். மூக்குக்கண்ணாடி போட்டதுபோன்ற அந்தக் கண்ணுக்காகக் காவல்காரர் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடியர்.

புதிதாக வந்தவர்

அன்ரன் மன்னார் ஆள். ஜெர்மனியில் கனகாலம் ஹோட்டல் குசினியில் சமைத்து வெந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். பெண்சாதியும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான். மியூசியத்தில் அவனுக்கு மூன்று மாதம் புரோபேஷன். வேலை நிரந்தரமானால் குடும்பத்தைக் கூப்பிடலாம். இல்லையென்றால் திரும்பவும் குசினி. முதல் நாளே இதையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டான். இப்படி ஓர் ஆள் கையில் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்குமா?

“அன்ரன், அந்தக் காலத்திலை வானத்தாலை வந்தவை கல்லு அடுக்கவும் நெல்லு விதைக்கவும் சொல்லிக் குடுத்திட்டு, கணக்குப் பார்க்க ஒருத்தரை விட்டிட்டுப் போனவை. அவர்தான் உவர். தனிய இருக்கேக்கை மட்டும் உவருக்கு முதுகைக் காட்டிப்போடாதை. உனக்கு முதல் இருந்த பெடியன் காட்டினவன். இப்ப இந்தக் கட்டடத்திலை ஆள் இல்லை” என்றேன். அந்தப் பெடியன் லூட்டனில் பஸ் ஓட்டுகிறான் என்பதை நான் சொல்லவில்லை, அன்ரனும் கேட்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணாடியரைப் பார்த்தான். பிறகு மெல்ல என் கிட்ட வந்தான்.

“அண்ணை, பகிடியெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. ராவிலை நான் தனியப் படுக்கிற ஆள்.”

குடைக்காரர்

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரர் வருவார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. எங்கள் அறை வாசலுக்கு வந்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். உள்ளே குடை விரிக்கக் கூடாது என்பது சட்டம். நான் எழும்பிப்போய்ச் சொன்னேன். குடைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் கேட்டார்: “அவர்கள் வந்தார்கள் என்பதை நம்புகிறீர்களா?” வருகிறவர்களை நம்புவதுதான் எங்கள் தொழில் என்றேன். “அப்படியானால், போய்விட்டார்கள் என்று மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?”

மேற்கூரையைச் சுட்டிக் காட்டினார். அங்கே எங்கள் கமரா சிவப்புப் புள்ளியோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. “நீங்கள் வீட்டுக்குப் போகும்போது இதை விட்டுவிட்டுத்தானே போகிறீர்கள்? அவர்களும் அப்படித்தான்.” அன்ரன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் சுண்ணாம்பு. போகும்போது குடைக்காரர் அவன் தோளைத் தட்டினார்.

“அது சிலை இல்லை, தம்பி. உன் முகம் ஏற்கனவே அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.”

ஹவுன்ஸ்லோ அக்கா

ஒருநாள் எங்கள் ஊர்ப்பக்கத்து மனுசி ஒருத்தி வந்தா. ஹவுன்ஸ்லோவில் வீடு, விமானநிலையத்தில் துடைத்துக் கழுவி ஓய்ந்தவ. ஆர்ச்வே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே வந்திருந்தா. நெற்றியில் திருநீறு காயவில்லை. மருமகன் வீடியோ காட்டினானாம். இராவணன்ட விமானம் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததாம். கோயில் கோபுரம் ரொக்கெற்றைப் பார்த்துக் கட்டியதாம். “மெய்யே தம்பி?” என்று கேட்டா. ‘தம்பி’ என்று என்னைக் கூப்பிட லண்டனில் ஆள் கிடைப்பது அருமை. அந்தச் சந்தோஷப் புளுகத்தில், “ஓம் அக்கா, எல்லாம் வந்து போனவைதான்” என்று விட்டேன்.

அவ கண்ணாடியரைப் பார்த்தா. பழக்கதோஷத்தில் இரண்டு கையும் மேலே எழும்பின. பாதியில் நின்றுவிட்டன. கல்லின் கூப்பிய கைகளுக்கு எதிரே, கூப்பாத அந்தக் கைகள் அந்தரத்தில் தொங்கின. கைகளைக் கீழே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா.

“அப்ப தம்பி, இவ்வளவு காலமும் நான் அழுது அழுது கும்பிட்டது ஆரை?”

பின்பக்க நடை

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாயை அடக்கினேன். ஆனால் அன்ரனுக்குப் பயம் முற்றிவிட்டது. அறைக்குள் பின்பக்கமாகவே நடந்தான். வழி கேட்கிறவர்களுக்கு, முகத்தைக் கண்ணாடியரிடம் வைத்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினான். “அன்ரன், அது நான் சும்மா விட்ட புளுகடா” என்று சொல்லிப் பார்த்தேன். “உங்களை அப்பிடிச் சொல்லச் சொல்லிக் கண்ணாடியர்தானே சொன்னவர்?” என்று கேட்டான்.

கடைசியில், பின்னுக்கு நடந்துபோய் ஒரு ஜப்பான் மனுசியின் காலை மிதித்துவிட்டான். எங்கள் மேலாளர் மார்கரெட் வந்தா. கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாத மனுசி; அதுதான் இன்னும் பயம். புரோபேஷன் முடிய அவனுக்கு ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது.

“இன்னொரு முறைப்பாடு வந்தால், அன்ரன், வெளியே போகும்போதாவது நீங்கள் முன்பக்கமாக நடக்கவேண்டி வரும்.”

சிவப்பு மண்

மடு மாதா கோயில் மண்ணைப் பற்றி எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பாம்புக்கும் விஷத்துக்கும் காவலென்று பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள். சைவக்காரர் வீட்டிலும் இருக்கும். அன்ரனின் தாய் அனுப்பிய பொட்டலம் ஜெர்மனி போய், லண்டன் வந்து, அவன் சட்டைப் பையில் கிடந்தது. ஒரு பின்னேரம், சனம் போனபிறகு, கயிற்றைத் தாண்டிப்போய்க் கண்ணாடியரின் மேடையைச் சுற்றி வட்டமாகத் தூவிவிட்டான். கமராவில் சிவப்புப் புள்ளி மட்டும்தான் வேலை செய்யும், படம் பதியாது என்பது காவல்காரர் எங்களுக்குத் தெரியும். விடிய மார்கரெட் அதைக் கண்டா. விலைமதிக்க முடியாத கல் உதிர்கிறதென்று ஒரே அமளி. அறையைப் பூட்டினார்கள். கற்களைப் பராமரிக்கிற பெண் தூரிகையும் டோர்ச்சும் கொண்டு ஓடிவந்தாள். அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இது வெளியே வந்தால் அவனுடைய பெட்டைகள் ஜெர்மனியிலேயே இருக்கவேண்டியதுதான்.

நான் முந்திக்கொண்டேன். “வெளியே ரோட்டைக் கிண்டுகிறார்கள் மார்கரெட், சனங்களின் சப்பாத்து மண்” என்றேன். “சப்பாத்து வட்டமாகவா நடக்கும்?” என்று கேட்டா. பராமரிப்புப் பெண் முழங்காலில் குந்தியிருந்து கனநேரம் பார்த்தாள். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை, இது வெளி மண் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அவள் எழும்பவில்லை. டோர்ச்சை மேடையின் முன்பக்கம் பிடித்தாள். அங்கே வட்டம் ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. அன்ரன் என் காதுக்குள், “நான் வட்டத்தை முழுசாத்தான் போட்டனான் அண்ணை, மாதாவாணை” என்றான். பராமரிப்புப் பெண் மார்கரெட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“யார் தூவினார்களோ தெரியாது. ஆனால் இந்த இடத்தில் மட்டும், உள்ளேயிருந்து வெளியே தள்ளியதுபோல இருக்கிறது.”

அந்தக் கதிரை

மத்தியானத்துக்கிடையில் அவள் சொன்னது கன்ரீன் முழுக்கப் பரவிவிட்டது. அந்த அறையில் இருக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. ஒருத்திக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஒருத்தனுக்குத் தலைச்சுற்று. மார்கரெட் என்னைப் பார்த்தா. எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். அப்போது அன்ரன் கையை உயர்த்தினான். “நான் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும்.” முன்பக்கமாக நடந்து போனான். கண்ணாடியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். மண்ணைப் பற்றிப் பிறகு மார்கரெட் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் கிழமை முடிய வேலையை நிரந்தரமாக்கினா. பள்ளிக்கூடத் தவணை விடுமுறைக்கு அவனுடைய குடும்பமும் வந்து சேர்ந்துவிட்டது.

தேத்தண்ணி நேரம் அவனைத் தனியப் பிடித்தேன். “உனக்கு எப்பிடியடா பயம் போனது?” அன்ரன் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தான். பிறகு, நான் முதல் நாள் அவனிடம் பேசிய அதே இரகசியக் குரலில் சொன்னான்.

“கண்ணாடியர் மண்ணுக்கு அடங்காட்டில் பிறகு பேச்சுவார்த்தைதானே அண்ணை? நான் குடும்பக்காரன், என்னை விடுங்கோ, அண்ணை தனி ஆள், வழி நீளத்துக்கும் நல்லாக் கதை சொல்லுவார், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு உங்கட பேரையும் மிச்சத்திலை இருக்கிற வீட்டு விலாசத்தையும் குடுத்திட்டன்.”

நான் அவிழ்த்துவிட்ட கதைகளில் நானே நம்பிய கதை இது ஒன்றுதான். அதனால்தான் ஓய்வுபெற்ற பிறகும், மிச்சத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.