எனக்காக வெட்டிய புளியமரம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தபோது, அதைப் படித்துச் சொல்லவும் வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். எங்களைக் கைதூக்கிவிட நினைத்த அரசாங்கம், கையைச் சரியாகப் பத்து மணிக்குத்தான் நீட்டும்.

அது எங்கள் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு ரோடுகளை மறித்த காலம். முந்தின நாள் அப்பா கோடாலியோடு போய், வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரம் ஒன்றைச் சாய்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் போய்வந்த முகத்தோடு திரும்பினார். கூலிக்கு மரம் வெட்டுகிறவர். இதை மட்டும் இலவசமாக வெட்டியிருந்தார்.

“நாளிக்கு எனக்கு இண்டர்வியூப்பா. பஸ்ஸுக்கு இன்னா பண்றது?”

“அட, ஒனக்காகத்தான வெட்னேன்! ரோட்ட மறிச்சா சீட்டு தானா வரும்னாங்க. பஸ்ஸே ஓடலன்னா ஆபீசரு மட்டும் எப்டி வருவாரு?”

ஆபீசர் குடியிருந்தது தேர்வு நடந்த கட்டடத்துக்கு எதிர் வீட்டில். போராட்டத்தில் யாருக்கும் இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை.

விடிந்ததும் நடந்தோம். என் முன்னேற்றத்துக்காக வெட்டிய மரத்தின் மேல் ஏறி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் குதித்தேன். அப்பா சான்றிதழ் பையை நீட்டினார். பாத்து எறங்கக் கூடாதா என்று கோபித்துக்கொள்ளவும் செய்தார். அங்கிருந்து தனியாகப் போனேன்.

பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். டவுன் பிள்ளைகள் வியர்வைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்ன வேலை என்று ஆபீசர் கேட்டார். மரம் வெட்டுவார் என்றேன்.

“ரோட்ல கெடக்கறதெல்லாம் அவர் வெட்னதுதானாம்மா?”

“ஒண்ணே ஒண்ணுதாங்க சார்.”

சிரித்தார்கள். இடம் கிடைத்தது.

அனுமதிக் கடிதம் கைக்கு வர மூன்று மணி ஆனது. அப்போதுதான் வந்து சேர்ந்தாள், பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்வராயன் மலைப் பெண். என்னைவிட மார்க் அதிகம். மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் பஸ் இல்லாமல் மீதியையும் நடந்திருந்தாள். ஆபீசர் பரிவோடு கடிகாரத்தைக் காட்டினார்.

“மலைப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு சீட்டே வெச்சிருக்கோம். நேரத்துக்கு வரத் தெரியலியேம்மா.”

அந்த இடத்தை வேறு யாரும் தொடவில்லை. வருஷம் முழுக்க அவளுக்காகவே பத்திரமாகக் காலியாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“வடக்கனந்தல் கிட்ட எவ்ளோ பெரிய மரம், பாத்தியாடி? எந்தப் புண்ணியவான் வெட்னானோ.”

“தெர்ல” என்றேன். கடிதத்தைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினேன்.