கல்லுத்தின்னி மலைக்குப் போன கதை

நிலத்தடி நீர் தேடுகிற அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கல்லுத்தின்னி என்று பெயர். வைத்தவன் நெட்டையன், அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். வைத்ததில் தப்பும் சொல்ல முடியாது. ஜியாலஜி படித்தவர்கள் கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது சகஜம்தான், ஈரம் பட்டால்தான் நிறம் எழும். இவள் அதோடு விடமாட்டாள். ஒரு ஓரத்தை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களிமண். "பசிச்சா வாயத் தொறந்து சொல்லு, கேன்டீன்ல ஏதாவது வாங்கிட்டு வர்றேன்" என்பான் நெட்டையன்.

அவள் இடம் கோர் ஷெட். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மலையடிவாரத்தில் துளை போட்டு எடுத்த கல் உருளைகள், முன்கை மொத்தத்தில், மரப்பெட்டிகளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். அவள் தண்ணீர் தெளிப்பாள். சாம்பலாகக் கிடந்த கல் பச்சையாகும், செம்மையாகும், சில இடத்தில் பழைய வெல்வெட் துணி மாதிரி கருநீலமாகும். மழை நாளில் கூரை இரைச்சலில் அலுவலகமே இல்லாமல் போய்விடும். அப்போது பெட்டிகளுக்கு நடுவே ஒரு கடல் வந்து நிற்கும். மனிதர் யாரும் பார்த்திராத கடல். அதன் ஓரமாக அவள் செருப்பில்லாமல் நடப்பாள். கால் விரலுக்கிடையே மணல் ஏறும். எங்கே ஆழம், எங்கே ஆறு வந்து கலந்தது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். யாராவது கதவைத் தட்டினால் சட்டென்று திரும்பி வருவாள், முழங்கால் வரை நனைந்தவள் போல.

இவ்வளவு நடந்தும் அந்தக் கடல் கிடக்கிற மலையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அதுதான் கொடுமை.

ஒவ்வொரு வருஷமும் மலைக்கு வண்டி கிளம்பும். நெட்டையன் போவான். இவள் போய் டைரக்டர் முன்னால் நிற்பாள். நல்ல மனுஷர், குரலை உயர்த்தமாட்டார், அதுவே ஒரு தொல்லை. "போகலாம்மா, ஆனா அங்க வசதி இல்லையே" என்பார். வசதி என்றால் என்ன என்று அவர் சொல்லமாட்டார், வெட்கம். கக்கூஸ் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஒரு பெண்ணை மூன்று வருஷம் கொட்டகையில் உட்கார வைத்த புண்ணியவான் அவர்.

இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் அம்மா. ஃபோன் எடுத்தால் அதே வார்த்தை. "ரொம்ப வசதியான இடம்டி. சொந்த வீடு, மாடி வேற. நீ அங்க கல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கணும்னு தலையெழுத்தா?" மலையில் வசதி இல்லை, மாப்பிள்ளை வீட்டில் வசதி நிறைய இருக்கிறது. இந்த இரண்டு வசதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடிக்காத நேரத்தில் கல்லைக் கடித்தாள்.

அந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. வேலையை நிரந்தரமாக்குகிற வருஷம். ஒரு தடவையாவது மலையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் ஆய்வுப் பிரிவு. பார்க்காதவர்களுக்கு ஆவணப் பிரிவு. அங்கே போனால் ஓய்வு பெறுகிற வரை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடுத்தவர் பார்த்த மலையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியதுதான். வண்டி போனால் அவளும் போக வேண்டும். இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

அப்போதுதான் அடிவாரத்திலிருந்து புதுப் பெட்டிகள் வந்தன. தண்ணீர் தெளித்தாள், கடித்தாள், உட்கார்ந்துவிட்டாள். கலங்கின தண்ணீரில் முதலில் பெருமணல்தான் அடியில் தங்கும். அதற்கு மேல் பொடிமணல், கடைசியில் களி. எல்லாக் கடலிலும் இதுதான் நியாயம். இந்தப் பெட்டிகளில் எல்லாம் மாறிக் கிடந்தது. களி அடியில், பெருமணல் மேலே, அடுக்கடுக்காக அப்படியே.

கூட்டத்தில் சொன்னாள். டைரக்டர் சிரித்தார். "துளை போடுற பசங்க தலைகீழா அடுக்கியிருப்பாங்கம்மா. போன வருஷமும் இப்படித்தான் பண்ணாங்க."

"பெட்டி சரியாத்தான் சார் இருக்கு. கடல்தான் தலைகீழா இருக்கு. பூமி மடிஞ்சு கவுந்திருக்கு."

"கவுந்திருந்தா மீனெல்லாம் கொட்டியிருக்குமே" என்றான் நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அவன் மண்டையைப் பிளக்கலாம் போல இருந்தது.

டைரக்டர் யோசித்தார். கவிழ்ந்தது உண்மையென்றால் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று குறித்த இடமெல்லாம் மாறும். "சரி, இவன் மலைக்குப் போறானே, பாத்துட்டு வரட்டும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. அதை நெட்டையன் பார்த்தான். மனுஷனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும், எழுந்து நின்றுவிட்டான். அவன் எழுந்தால் அறையே எழுந்த மாதிரி இருக்கும்.

"நான் போனா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எதைப் பாக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும். அவ வரட்டும்."

"வசதி இல்லையேப்பா…"

"எனக்கு மட்டும் இருக்கா சார்? மூணு வருஷமா நான் எங்க போறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவழியாக ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, தடுப்பு போடுகிற மாதிரி ஏதாவது வாங்க முடியுமா என்று இழுத்தார். ஸ்டோர்காரர் உள்ளே போய் ஒரு பச்சைப் பையைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மடக்குக் குடை அகலம்தான் இருக்கும். பிரித்தால் ஆள் உயரத்துக்குக் கூடாரம், கூடவே ஒரு சின்ன மண்வெட்டி. "இவங்க சேர்ந்த வருஷமே வாங்கினது சார். பெயின்ட் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. யாரும் கேக்கலையே."

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரு பைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

மலை அவள் நினைத்த மாதிரியே இல்லை. முதல் இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை. எங்கும் முட்புதரும் உதிர்ந்த கல்லும். மேலே ஏறினால் மூச்சு வாங்கியது, கால் பிடித்துக்கொண்டது. வெறுங்கையோடு திரும்பினால் டைரக்டர் பாவப்படுவார், திட்டமாட்டார், அதுதான் தாங்காது. மூன்றாம் நாள் பனி மூட்டம். பத்தடி தள்ளி இருப்பது தெரியவில்லை. நெட்டையன் கீழே எங்கோ இருமிக்கொண்டிருந்தான். பாறை ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் குனிந்து நுழைந்து, அசதியில் அப்படியே மல்லாக்கப் படுத்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேர் மேலே கடற்கரை இருந்தது.

அலை வந்து போன வரிகள். ஒன்றன்பின் ஒன்றாக, லேசாக வளைந்து, கூரை முழுக்க. பனி மெல்ல நகர்ந்து போனதில் வரிகளும் நகர்கிற மாதிரி இருந்தது. தான் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு குனிந்து பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் விட்டால் அந்தக் கரையில் இறங்கிவிடலாம்.

பொறு பொறு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இது அச்சாக இருக்கலாம். மேலே படிந்த அடுக்கின் அடிவயிற்றில் கீழிருந்த அலைவரி பதிவதும் உண்டு. அதைப் பார்த்து ஏமாந்து ஊர் சிரிக்க நின்றவர்கள் இருக்கிறார்கள். அசல் அலை என்றால் மேடு கூராக இருக்கும், பள்ளம் உருண்டையாக இருக்கும். அச்சென்றால் அப்படியே மாறி, மேடு உருண்டையாக இருக்கும். கையை உயர்த்தினாள். தன்னை நோக்கி இறங்கிய ஒவ்வொரு வரியும் கூராக விரலில் குத்தியது. விடாமல் தடவிக்கொண்டே போனாள். எல்லாம் கூர். அசல் கரைதான். கவிழ்ந்துதான் கிடந்தது.

நெட்டையன் மூச்சிரைக்க ஏறி வந்து எட்டிப் பார்த்தான். "என்னாச்சு? விழுந்துட்டியா?"

"படு" என்றாள்.

அவன் காலை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தான். வரிகளைக் கண்ணால் ஓரம் வரை அளந்தான்.

"வருஷா வருஷம் மத்தியானம் இங்கதான் உக்காந்து சாப்பிடுவேன். வெயிலுக்கு நல்லா இருக்கும்." கையை நீட்டி ஒரு வரியைத் தொட்டான். "மேல பாத்ததே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்தது, அடிவயிற்றிலிருந்து. அவன் மேல் இல்லை. இத்தனை வருஷமும் இது இங்கேயே இருந்திருக்கிறது, அவள் வந்து படுக்காததுதான் குறை. கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனதை அவள் துடைக்கவில்லை.

"இதே மாதிரி இன்னும் எத்தனை இடத்துல மேல பாக்காம வந்திருப்ப?"

"எல்லா இடத்துலயும்தான்."

"அப்ப எல்லா இடத்துக்கும் நான் போகணும்" என்றாள்.

மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை, சொன்னாள். நெட்டையனும் யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்கவில்லை. பனி விலகட்டும், தெற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான்.